இருக்கிற கோப்பை இல்லை என்கிற கணினி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. வன்னியில் பல வீடுகளில் இருப்பது வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன லப்டொப், அல்லது இரண்டாம் கையாக வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கிற வன்பொருள் அவற்றில் பலவற்றில் இராது. ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய பெட்டியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுத் தர ஒரு மாணவர் அகப்படாமல் போகமாட்டார். போட்டு முடித்ததும் வீட்டிலுள்ள தம்பி கேட்கிற முதற் கேள்வி: "அண்ணா, இதில கேம் ஓடுமா?"

ஓடும். வால்வ் நிறுவனம், விளையாட்டுகளை வாங்கி ஓட்ட உதவும் தன் ஸ்டீம் மென்பொருளை 2013 பெப்ரவரி 14இல் லினக்ஸுக்கு வெளியிட்டது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டன் 2018 ஓகஸ்டில் வந்தது. ஆனால் சிலவேளை ஸ்டீமின் சின்னத்தைச் சொடுக்கினால் சுட்டி சற்றுச் சுழன்று ஓய்ந்துவிடும். சாளரம் வராது, என்ன பிழை என்ற அறிவிப்பும் வராது.

அறிவிப்பு இல்லை என்பது நமக்குத் தெரிகிற அளவில்தான். ஒவ்வொரு நிரலுக்கும் தன் பிழைகளைச் சொல்லவென்று ஒரு தனி வழி உண்டு. சின்னத்தைச் சொடுக்கித் தொடங்கும்போது அந்த வழி கணினியின் பதிவேட்டில் போய் முடிகிறது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து ஸ்டீமின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தொடங்கினால் அதே முறைப்பாடு வரிவரியாகக் கண்முன்னே கொட்டும். லினக்ஸில் பழுது பார்ப்பதில் பாதி வேலை இதுதான்.

கொட்டுகிற வரிகளில் என்னை நெடுங்காலம் வியக்க வைத்த ஒன்று, "அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்பது. பழைய 32 பிட் நிரலொன்றைப் புதிய 64 பிட் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வரி பழக்கமானது. கோப்பு அங்கேதான் இருக்கும். பெயர் சரி, அனுமதி சரி. இருந்தும் கணினி இல்லை என்றே சாதிக்கும்.

அது பொய் சொல்லவில்லை. நாம் நிரல் என்று அழைக்கும் கோப்பு முழுமையான பொருளே இல்லை. ஊரில் விருந்து சமைக்க வருகிற சமையற்காரர் கிடாரத்தையும் அண்டாவையும் வீட்டிலிருந்து தூக்கி வருவதில்லை; கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ எடுத்துக்கொள்வார். நிரலும் அப்படித்தான். எழுத்தை வரைய, ஒலியை எழுப்ப, இணையத்தோடு பேச வேண்டியதையெல்லாம் கணினியிலுள்ள பொது நூலகக் கோப்புகளிடமிருந்து பெறுகிறது. அவற்றைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே இணைப்பி என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. ஸ்டீமின் சொந்த வேலை தொடங்குவதற்கு முன்பே ஓடத் தொடங்குவது அந்த இணைப்பிதான். அது எங்கே இருக்கும் என்ற முகவரி, ஓட வேண்டிய கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

இயங்குதளத்தின் கரு (கண்டிப்பாகப் பார்த்தால் லினக்ஸ் என்ற பெயர் இதற்கு மட்டும் உரியது) கோப்பைத் திறக்கிறது, முகவரியை வாசிக்கிறது, அங்கே போய்ப் பார்க்கிறது. 32 பிட் இணைப்பி அங்கே இல்லை. உடனே கரு திருப்பி அனுப்புவது ஒரேயொரு எண்: 2. எண் 2 என்றால் 'கோப்பு இல்லை'. எந்தக் கோப்பு என்று சொல்ல அந்த எண்ணில் இடமில்லை. நாம் தட்டிய பெயரையும் அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டெர்மினல் வாக்கியமாக்கிவிடுகிறது. இல்லாமற்போனது ஒன்று, பெயர் கெட்டது இன்னொன்று.

அதென்ன 32 பிட்? லினக்ஸ் நிரல் கோப்பு ஒவ்வொன்றிலும் ஐந்தாவது பைட்டில் 1 இருந்தால் அது 32 பிட், 2 இருந்தால் 64 பிட். முன்னது நினைவக முகவரியை 4 பைட்டில் எழுதுகிறது, பின்னது 8 பைட்டில். ஓடுகிற ஒரே நிரலுக்குள் இரண்டையும் கலக்க முடியாது. ஏஎம்டி தன் 64 பிட் செயலியை வெளியிட்டது 2003இல். அதற்குப் பத்தாண்டு கழித்து லினக்ஸுக்கு வந்த ஸ்டீமோ 32 பிட்டாகவே வந்து நெடுங்காலம் அப்படியே இருந்தது. பழைய விளையாட்டுகளையும் சுமக்க வேண்டுமே! 2019 ஜூனில் உபுண்டு 32 பிட் தொகுப்புகளைக் கைவிடப்போவதாக அறிவித்ததும், இனி உபுண்டுவைப் பரிந்துரைக்கமாட்டோம் என்றது வால்வ். சில நாட்களிலேயே உபுண்டு பின்வாங்கியது.

ஆகவே முதல் மருந்து, 32 பிட் தொகுப்புகளையும் ஏற்கும்படி கணினிக்குச் சொல்லி அவற்றை நிறுவுவது. அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே நூலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்கள் அச்சொட்டாக ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். 2021இல் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் (லினக்ஸை உருவாக்கியவர் வேறு லைனஸ்) பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீமை நிறுவப் போனார். தொகுப்புகள் ஒத்துப்போகாததால் மென்பொருள் நிர்வாகி கண்ட தீர்வு, திரையிலுள்ள டெஸ்க்டொப்பையே கழற்றிவிடுவது! எச்சரிக்கையும் காட்டியது. அவர் சம்மதம் தட்டினார். டெஸ்க்டொப் போயிற்று. தொடங்கும் முன் நீக்கப்படுபவற்றின் பட்டியலை வாசித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. நூலகம் இருக்கும், ஆனால் கிழமாய் இருக்கும். எந்த லினக்ஸிலும் ஓட வேண்டுமென்று ஸ்டீம் தன் நூலகங்களைத் தானே சுமந்து வந்தது. அவை உபுண்டு 12.04 காலத்தவை. கிராபிக்ஸ் டிரைவரோ புதிய பதிப்பைக் கேட்கும். ஒரே பெயரில் பழையது ஏற்கெனவே ஏறிவிட்டால் புதியதற்கு இடமில்லை. அந்நாளில் பலர் ஸ்டீமோடு வந்த பழைய கோப்புகளைக் கையால் அழித்துத்தான் விளையாடினார்கள். பிறகு, இரண்டில் எது புதியதோ அதை எடுக்கும்படி வால்வ் திருத்திக்கொண்டது.

நம் பக்கத்துக்கு இன்னுமொரு காரணத்தைச் சேர்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. பற்றரி இல்லாத கணினி, ஸ்டீம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கோப்புகள் அரைகுறையாக நிற்கும். தொடங்கும்போது ஸ்டீம் தன் கோப்புகளைச் சரிபார்த்துக் குறைபட்டதை மீண்டும் இறக்கும். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் அது டேட்டாவையும் தின்னும், நேரத்தையும் தின்னும். செத்துப்போனது என்று நினைத்து நடுவில் மூடினால் வேலை மறுபடியும் அரைகுறையாக நிற்கும்.

எல்லாம் தாண்டிச் சாளரம் வந்தும் கறுப்பாகவே நிற்கிறதா? ஸ்டீமின் முகத்தை வரைவது உள்ளே ஒளிந்திருக்கும் குரோமியம் உலாவி. பழைய கிராபிக்ஸ் சில்லோடு அதற்கு ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. வரைகிற வேலையைச் சில்லுக்குக் கொடுக்காமல் செயலியே பார்க்கட்டும் என்று தொடக்கக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும், கொஞ்சம் மந்தமாக.