படுதா வண்டியும் கறுப்புக் கண்ணாடியும்

சித்திரை வெயில் முதிரத் தொடங்கியதும், படுதாக் கூரை போட்ட ஜீப் வைத்திருப்பவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரே யோசனை தோன்றுகிறது: ஜன்னல்களுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் என்ன? தகரக் கூரை கொண்ட சாதாரணக் காரைக் குறித்து இந்தக் கேள்வி எழுந்தால், கடைக்காரரிடம் விலை கேட்டு, சட்டத்தையும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால், கூரையும் பின்புறமும் துணியாய், பின் ஜன்னல்கள் மடங்கக்கூடிய பிளாஸ்டிக்காய், முன் கதவுகளும் முகப்பும் மட்டும் கண்ணாடியாய் அமைந்த வண்டிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிசகு. எந்த இடத்தில் ஒட்டலாம், எந்த இடத்தில் ஒட்டலாகாது, ஒட்டியதனால் விளையும் பிரயோஜனம் என்ன என்ற மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்த பிறகு காசை எடுப்பதே விவேகம்.

இத்தகைய வண்டி நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைகளுக்காக ஓடிய வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டி மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது முதல், மலைத் தோட்டங்களிலும் வனத்துறையிலும் தாலுகா கச்சேரிகளிலும் அது பழகிப்போன வாகனமாயிற்று. மழை வந்தால் பக்கத்துப் படுதாவை இறக்கிக் கட்டுவார்கள். விட்டால் சுருட்டி மேலே ஏற்றுவார்கள். வெயிலும் புழுதியும் வண்டியோடு கூடப் பிறந்தவை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஜீப்பின் வழித்தோன்றலாகிய தார் 2010-ல் வந்து, 2020-ல் புது உருவம் பெற்றது. இன்றைய உருவத்தில் குளிர்சாதனமும் ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியும் இருக்கின்றன. ஆகவே, காருக்குரிய சுகத்தை எதிர்பார்க்கும் மனமும் கூடவே வந்துவிட்டது. கறுப்பு ஃபிலிமைப் பற்றிய கேள்வி அந்த எதிர்பார்ப்பிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் வெயிலின் சுபாவத்தைப் பார்ப்போம். பூமியை வந்தடையும் சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களாக வருகிறது. நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பங்கு நாம் வெளிச்சமென்று காண்பது. எஞ்சிய சிறு பங்கே புற ஊதாக் கிரணம். கறுப்புச் சாயம் தோய்ந்த மலிவான ஃபிலிம் இவற்றுள் வெளிச்சத்தைத்தான் பெருமளவு தடுக்கிறது. அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. தடுத்த வெளிச்சத்தையும் தானே உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளேயே திருப்பி விடுகிறது. கண்ணுக்கு இதமாக இருப்பதனால் உடம்புக்கும் குளிர்ச்சியென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இதற்கு மாறாக, பீங்கான் துகள் கலந்த செராமிக் ஃபிலிம், பார்வைக்கு ஏறக்குறைய நிறமற்றதாய் இருந்தும், அகச்சிவப்பின் பெரும்பங்கைத் தடுத்துவிட வல்லது; விலை மட்டும் பல மடங்கு அதிகம். உலோகப் பூச்சுள்ள ஃபிலிமும் உஷ்ணத்தை நன்றாகவே தடுக்கும். ஆயினும் கைப்பேசி, ஜி.பி.எஸ். முதலியவற்றின் அலைகளுக்கு அது இடையூறு செய்யக்கூடும். ஆக, எவ்வளவு கறுப்பு என்பது வேறு, எவ்வளவு குளிர்ச்சி என்பது வேறு என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கடையில் பாதி ஏமாற்றம் குறையும்.

அடுத்து, பிளாஸ்டிக் ஜன்னல். படுதாவோடு சேர்த்துத் தைத்தோ ஜிப்பு வைத்துப் பொருத்தியோ வரும் அந்த ஒளி ஊடுருவும் தகடு, வினைல் என்று வழங்கும் பி.வி.சி. வகையைச் சேர்ந்தது. இயல்பில் விறைப்பான அந்தப் பொருளைச் சுருட்டவும் மடக்கவும் இடங்கொடுப்பதாக ஆக்குவதற்கு, அதனுள் எண்ணெய் போன்ற ஒரு மிருதுவாக்கியைக் கலக்கிறார்கள். வெயிலில் காயக் காய அந்த மிருதுவாக்கி சிறிது சிறிதாக மேற்பரப்புக்குக் கசிந்து வெளியேறுகிறது. பழைய ஜீப்புகளின் ஜன்னல் மஞ்சளித்து, மங்கி, கடைசியில் மடிப்பில் வெடித்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய பரப்பின் மேல், கண்ணாடிக்கென்று செய்யப்பட்ட பாலியெஸ்டர் ஃபிலிமை ஒட்டினால், கசியும் மிருதுவாக்கி பசையைக் கெடுத்துக் கொப்புளங்களை எழுப்பும். வினைல் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் அளவுக்கு ஃபிலிம் விரிந்து சுருங்காது. கூரையை இறக்குவதற்காக ஜன்னலை ஒருமுறை சுருட்டினாலே ஃபிலிம் நெடுக மடிப்பு விழுந்துவிடும். உரித்துவிடலாமென்று முயன்றாலோ, பசையைக் கரைக்கும் திராவகம் வினைலையே பனிப்படலம்போல் மங்கச் செய்துவிடும். ஆகையால் பின்புறத்து வினைல் ஜன்னல்களுக்கு ஃபிலிம் ஒட்டுவது எக்காரணத்தாலும் கூடாதென்றே திடமாகச் சொல்லலாம்.

அப்படியானால், உருவாக்கும்போதே சாயம் சேர்த்த வினைல் ஜன்னலை வாங்கி மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜீப் ராங்ளர் வண்டிகளுக்கு இத்தகைய கருநிற ஜன்னல்கள் தாராளமாக விற்கின்றன. அங்கே பல மாநிலங்களின் சட்டம், இவ்வகை வண்டிகளில் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள ஜன்னல்கள் எவ்வளவு கறுப்பாயிருந்தாலும் ஆட்சேபிப்பதில்லை. நம் நாட்டு நிலைமை அதுவன்று. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 70 பங்கும், பக்கக் கண்ணாடிகள் 50 பங்கும் உள்ளே விடவேண்டுமென்று விதிக்கிறது. அதே விதி, மேல்மூடியும் பக்கத் திரைகளும் உடைய வண்டிகளின் ஜன்னல்கள் அக்ரிலிக்காகவோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடாகவோ இருக்கலாமென்று ஒரு சலுகையும் தருகிறது. சட்டம் இயற்றியவர்கள் படுதா வண்டியை மறந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் அனுமதித்தது ஊடுருவிப் பார்க்கக்கூடிய தகட்டைத்தான் என்பது கவனிக்கத்தக்கது.

ஃபிலிமின் கதை இதைவிடச் சிக்கலானது. கறுப்புக் கண்ணாடிக்குள் நடக்கும் குற்றங்களை எடுத்துக்காட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தொழிற்சாலையிலேயே விதிக்கு உட்பட்டு நிறம் சேர்த்த கண்ணாடி இருக்கலாம், அதன்மேல் பின்னால் எதையும் ஒட்டலாகாது என்று கூறிவிட்டது. பிறகு 100-ஆம் விதியே திருத்தப்பட்டு, உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் 2021 ஏப்ரல் முதல் இடம் கிடைத்தது. அந்தத் திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு, 70, 50 என்ற வரம்புகளுக்கு உட்பட்ட ஃபிலிமுக்காக அபராதம் விதிக்கக்கூடாதென்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. எனினும், மற்ற மாநிலங்களில் சாலையில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு காவலரும் இந்த விளக்கத்தை ஏற்று நடப்பாரென்று நம்பியிருப்பதற்கில்லை.

வரம்புக்கு உட்படுவது என்பதும், கடையில் சொல்லுகிறபடி அத்தனை எளிதன்று. சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் பீச்சி, ரப்பர் பட்டையால் நீரை வழித்துக்கொண்டே, "அண்ணே, இது எழுபது பர்சென்ட் ஃபிலிம், போலீஸ் கேட்டா தைரியமாக் காட்டலாம்" என்று ஒட்டுகிறவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஃபிலிம் தனியாக 70 பங்கு வெளிச்சத்தை விடுவது வாஸ்தவமே. ஆனால் அது ஒட்டப்படும் கதவுக் கண்ணாடி முன்பே இளநிறம் பெற்று 70 பங்கு மட்டுமே விடுவதாயிருந்தால், எழுபதில் எழுபது பங்காகிய 49 தான் உள்ளே வரும். ஒரு பங்கில் விதி மீறியாயிற்று. முன் கண்ணாடியிலோ இடமே இல்லை: அது 75 பங்கு விடுகிறதென்று வைத்துக்கொண்டால், 90 பங்கு விடும் மிகத் தெளிவான ஃபிலிமை ஒட்டினாலும் மொத்தம் 70-க்குக் கீழே இறங்கிவிடும். தவிரவும், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால், முன் கண்ணாடி புற ஊதாக் கிரணத்தைத் தானாகவே ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது.

இப்போது கணக்குப் பார்த்தால், பின்புறம் வினைலென்று விலகிற்று, முகப்பு சட்டத்தால் விலகிற்று. பெரிதாகத் தோன்றிய கேள்வி, இரண்டு கதவுக் கண்ணாடிகளின் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டின் வழியேதான் ஓட்டுநர் வெளியிலுள்ள பின்பார்வைக் கண்ணாடிகளைப் பார்க்கிறார்; அந்தி மயங்கும் வேளையில் விளக்கில்லாத சைக்கிளையும் மலைப்பாதை வளைவில் ஓரமாக நடப்பவரையும் அவற்றின் வழியேதான் காணவேண்டும். பின் ஜன்னலின் வினைல் நாளடைவில் தானே மங்கிப்போகிற வண்டியில், எஞ்சியிருக்கும் தெளிந்த பார்வையையும் குறைத்துக்கொள்வது நன்றன்று. மேலும், கூரையைத் திறந்து காற்றாட ஓட்டுகிறவர் கதவுக் கண்ணாடியையும் இறக்கித்தான் வைத்திருப்பார். அப்போது எத்தனை உயர்ந்த ஃபிலிமும் கதவுக்குள்ளே பத்திரமாக இருக்கும்.

உள்ளே வைத்த சாமான் வெளியே தெரியாதிருக்கவே கறுப்பு வேண்டுமென்பாரும் உண்டு. தகரக் காருக்கு அந்த நியாயம் ஓரளவு பொருந்தும். படுதாவைக் கிழிக்க ஒரு சிறு கத்தி போதுமென்பதனால், உள்ளே என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம் திருடனுக்கு வந்தாலே கூரைக்குச் சேதம்; ஒன்றுமில்லை என்று வெளியிலிருந்தே அவனுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவது உரியவருக்கு லாபம். மதிப்புள்ளவற்றைக் கையோடு எடுத்துச் செல்வதும், வண்டித் தரையோடு முடுக்கிய பூட்டுப் பெட்டியில் வைப்பதுமே இங்கே தக்க காப்பு.

உஷ்ணத்துக்கோ மூலஸ்தானம் தலைக்கு மேலே இருக்கிறது. கறுப்புப் படுதா நண்பகல் வெயிலை முழுதும் வாங்கிச் சூடேறி, இடையில் மெத்தையோ காற்றுப் பொதிந்த அடுக்கோ இல்லாமையால், அந்தச் சூட்டை நேரே தலையில் இறக்குகிறது. ஆகவே செலவு செய்ய நினைப்பவர் முதலில் கூரையின் உட்புறத்துக்கு வெப்பம் தடுக்கும் லைனிங் போடுவதைப் பற்றி விசாரிக்க வேண்டும். நிறுத்தும்போது நிழல் தேடுவதும், முன் கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளித்தாள் மறைப்பு வைப்பதும், புறப்படுமுன் ஜிப்பைத் திறந்து தேங்கிய வெக்கையை வெளியேற்றிய பிறகே ஏசியைப் போடுவதும் செலவில்லாத உபாயங்கள். வினைலையும் மிருதுவான துணியில் சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்களை அண்டவிடாமல் வைத்தால், பின்பார்வை பல காலம் தெளிவாயிருக்கும்.

இவ்வளவும் செய்த பின்னும் பக்கவாட்டு வெயில் தோளைச் சுடுகிறதென்றால், கதவுக் கண்ணாடி இரண்டுக்கு மட்டும் தெளிவான செராமிக் ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவும், கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எத்தனை பங்கு வெளிச்சம் விடுகின்றன என்று கடைக்காரர் மீட்டர் வைத்துக் காட்டி, அந்த எண்ணைப் பில்லில் எழுதிக்கொடுத்தால் மட்டுமே. ஒட்டியபின் பசை இறுகும்வரை சில நாள் கண்ணாடியை இறக்காதிருக்க வேண்டும். எப்போதும் மூடிய கூரைக்குள், வெளியார் கண்ணுக்குத் தெரியாமல், ஏசியின் குளிர்ச்சியில் போய் வருவதே ஒருவருடைய விருப்பமானால், அதே தார் கெட்டிக் கூரையோடும் விற்கிறது. வாங்குமுன்னரே அதைத் தேர்ந்துகொள்வது, படுதா வண்டியை வாங்கிவிட்டு ஜன்னல் ஜன்னலாகக் கறுப்பாக்க முயல்வதைவிட எவ்வளவோ மேல்.