'வீட்டுல சும்மாதான் இருக்காங்க': இந்தப் பதிலைக் கேள்வி கேட்ட ஒரு படிப்பு - மகளிரியல் என்றால் என்ன?

பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போது 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டால் உடனே பதில் வரும். 'அம்மா என்ன வேலை?' என்று கேட்டால் பல வீடுகளில் வரும் பதில், "அவங்க வேலைக்குப் போகல, வீட்டுல சும்மாதான் இருக்காங்க."

அந்த 'சும்மா' இருப்பவர் காலை 5 மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, மதியம் வயலில் களையும் பறித்திருப்பார். ஆனாலும் விண்ணப்பத்தில் அவருக்கு வேலை இல்லை.

இது ஏன் இப்படி என்று கேட்டதில்தான், பல்கலைக்கழகங்களில் ஒரு தனிப் படிப்பே உருவானது. சிலர் மகளிரியல் என்கிறார்கள், சிலர் பெண்ணியல் என்கிறார்கள், இப்போது பாலினவியல் என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் படிப்பு எங்கே தொடங்கியது? இதனால் என்ன மாறியது? தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்? பார்ப்போம்.

பால், பாலினம் - என்ன வித்தியாசம்?

இந்தப் படிப்பின் முதல் பாடமே இதுதான். பிறப்பில் உடலோடு வருவது பால். 'ஆண்னா இப்படி இருக்கணும், பொண்ணுன்னா இப்படி நடக்கணும்' என்று சமூகம் பழக்குவது பாலினம்.

ஒரு எளிய உதாரணம். வீட்டில் சமையல் யார் வேலை? பெரும்பாலான வீடுகளில் பெண்ணின் வேலை. அதே சமையலைக் கல்யாண மண்டபத்தில் செய்யும் மாஸ்டர் யார்? பெரும்பாலும் ஆண். அடுப்பு அதேதான், சாம்பாரும் அதேதான். ஆனால் ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. அப்படியென்றால் சமையல் பெண்ணின் 'இயற்கை' என்று சொல்ல முடியுமா? யார் செய்கிறார், எங்கே செய்கிறார், கூலி உண்டா என்பதைப் பொறுத்து ஒரு வேலையின் மதிப்பு ஏன் மாறுகிறது? இப்படிப்பட்ட கேள்விகளை வரலாறு, பொருளாதாரம், சட்டம், இலக்கியம், மருத்துவம் எல்லாவற்றிலும் கேட்பதுதான் மகளிரியல்.

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில் 1970-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ கல்லூரியில் இதற்கான தனிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு நடந்த பெண்கள் போராட்டங்களின் தொடர்ச்சி அது.

இந்தியாவின் கதை வேறு. இங்கே தொடக்கப்புள்ளி ஓர் அரசு அறிக்கை.

1971-ல் மத்திய அரசு, நாட்டில் பெண்களின் நிலை எப்படி இருக்கிறது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் ஃபுல்ரேணு குஹா. உறுப்பினர் செயலராகப் பின்னர் வந்தவர் அரசியல் அறிவியல் பேராசிரியர் வீணா மஜும்தார். சட்டப் பேராசிரியர் லோதிகா சர்க்காரும் குழுவில் இருந்தார். 1974-ல் 'சமத்துவத்தை நோக்கி' என்ற பெயரில் அறிக்கை தயாரானது.

அறிக்கையில் என்ன இருந்தது?

சுதந்திரம் வந்துவிட்டது, வாக்குரிமை இருக்கிறது, பிரதமர் நாற்காலியிலேயே ஒரு பெண் இருக்கிறார். அதனால் பெண்கள் நிலை முன்னேறியிருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி சொன்னது.

1901-ல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971-ல் அது 930 ஆகக் குறைந்திருந்தது. 70 ஆண்டுகளில் மருத்துவம் வளர்ந்தது, பள்ளிகள் வந்தன. ஆனால் பெண்களின் விகிதம் கீழே போயிருந்தது. வேலையிலும் அரசியலிலும் பெண்களின் பங்கு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

இந்த எண்கள் அரசு ஆவணங்களில் ஏற்கெனவே இருந்தவைதான். பல்கலைக்கழகங்களில் சமூகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் யாரும் அவற்றைச் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு தனித்துறை தேவைப்பட்டது.

அடுத்தடுத்து நடந்தவை இவை:

1974: மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், சமூகவியலாளர் நீரா தேசாய் முயற்சியில் மகளிர் ஆய்வுப் பிரிவு தொடங்கியது.

1980: டெல்லியில் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையம் உருவானது. வீணா மஜும்தார், லோதிகா சர்க்கார் இருவரும் இதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள்.

1981: மும்பையில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு நடந்தது.

1986: தேசியக் கல்விக் கொள்கையில் 'பெண் சமத்துவத்துக்கான கல்வி' இடம்பெற்றது. அதன்பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, பல்கலைக்கழகங்களில் மகளிரியல் மையங்கள் தொடங்க நிதி கொடுத்தது.

இதில் ஒரு தமிழ் முகமும் உண்டு. எழுத்தாளர் அம்பை, அதாவது ஆய்வாளர் சி.எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1988-ல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரல், புகைப்படம், வாழ்க்கைக் கதை ஆகியவற்றைச் சேர்த்துவைப்பதே அதன் வேலை. எழுதி வைக்காத வரலாறு காணாமல் போய்விடும் என்பதுதான் காரணம்.

படிப்பால் வெளியில் என்ன மாறியது?

'சரி, ஆராய்ச்சி பண்ணாங்க, அதனால என்ன?' என்று கேட்கலாம். மூன்று விஷயங்களைப் பார்ப்போம்.

1. கணக்கெடுப்பு மாறியது

பொருளாதார நிபுணர் தேவகி ஜெயின் 1970-களில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார். யார், எந்த வேலையை, எவ்வளவு நேரம் செய்கிறார் என்று பார்த்தார்கள். அரசுக் கணக்கில் 'வேலை செய்யாதவர்' என்று பதிவாகியிருந்த பெண்கள் புல் அறுத்தார்கள், மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். கேள்வி கேட்ட விதத்தில்தான் தவறு இருந்தது.

இதுபோன்ற ஆய்வுகளும் பெண்கள் அமைப்புகளின் கோரிக்கையும் சேர்ந்து, 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேள்வியே மாறியது. குடும்ப வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்யும் வேலையும் 'வேலை'தான் என்பது கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது.

இப்போது மத்திய அரசே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்துகிறது. 2024-ல் எடுத்த கணக்குப்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019-ல் இது முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தது. அதாவது ஐந்து ஆண்டுகளில் இடைவெளி பெரிதாக மாறவில்லை.

2. சட்டம் மாறியது

1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உடலில் காயம் இல்லை, எதிர்ப்புக் காட்டிய அடையாளம் இல்லை என்று கூறி, குற்றம்சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

1979-ல் நான்கு சட்ட ஆசிரியர்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். லோதிகா சர்க்கார், உபேந்திர பக்‌ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோர்தான் அவர்கள். பயந்துபோய் அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றாகிவிடுமா என்பதே கடிதத்தின் மையக் கேள்வி. அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் பெண்கள் போராடினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமை தனிக் குற்றமானது. அத்தகைய வழக்குகளில், தனக்குச் சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே விசாரிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

3. வீட்டு வேலைக்கு மதிப்பு வந்தது

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார். அப்படி வாங்கிய சொத்தில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களின் உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசு இதைச் சொன்னது. 'உதவித் தொகை' என்று இல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததைக் கவனியுங்கள்.

பாலீர்ப்பு எப்படி இந்தப் படிப்புக்குள் வந்தது?

ஆண், பெண் என்பதைச் சமூகம் எப்படி வரையறுக்கிறது என்று கேட்க ஆரம்பித்தால், அந்த இரண்டு கட்டங்களுக்குள் வராதவர்களின் கேள்வியும் வரும். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் பற்றிய ஆய்வுகள் இப்படித்தான் மகளிரியலோடு சேர்ந்தன.

2014-ல் மூன்றாம் பாலினத்தவரை உச்ச நீதிமன்றம் சட்டப்படி அங்கீகரித்தது. வயது வந்த இருவர் சம்மதத்துடன் தன்பாலின உறவில் இருப்பது குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் சுவாரசியம். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகே 2021 ஜூனில் விரிவான உத்தரவு பிறப்பித்தார். 'குணப்படுத்துகிறோம்' என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். காவல்துறைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என்றார்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு சொல்லகராதியை அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அதில் இடம்பெற்றன. மனிதரைக் கேவலப்படுத்தாத சொல் இருந்தால்தான் அவரைப் பற்றிச் செய்தி எழுத முடியும், புகார் மனு எழுத முடியும், வகுப்பில் பாடமும் நடத்த முடியும்.

இது ஆண்களுக்கு எதிரான படிப்பா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில்: இல்லை. ஆண்களும் சேரலாம், சேர்ந்து படிக்கிறார்கள். 'ஆம்பளை அழக்கூடாது', 'குடும்பத்தைக் காப்பாத்துறது உன் பொறுப்பு' என்று ஆண்கள் மேல் விழும் அழுத்தமும் இங்கே பாடம்தான்.

படிப்புக்கு உள்ளிருந்தே வந்த விமர்சனமும் உண்டு. 'பெண்' என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தப் பெண்ணைச் சொல்கிறீர்கள் என்று தலித் பெண்கள் கேட்டார்கள். புனே பல்கலைக்கழக மகளிரியல் மையத்தை வழிநடத்திய ஷர்மிளா ரேகே, சாதியை விட்டுவிட்டுப் பெண் நிலையைப் பேச முடியாது என்று தொடர்ந்து எழுதினார். அதே ஊரில், அதே வயலில், நிலம் உள்ள பெண்ணின் நிலையும் கூலிக்குப் போகும் பெண்ணின் நிலையும் ஒன்றல்ல.

வெளியிலிருந்தும் எதிர்ப்பு வருகிறது. ஹங்கேரி அரசு 2018-ல் பாலினவியல் முதுகலைப் படிப்பை அங்கீகாரப் பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டது. இந்தியாவில் 2017-ல் 12-வது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, யுஜிசி நிதியில் இயங்கிய 150-க்கும் மேற்பட்ட மகளிரியல் மையங்களுக்கு நிதி தொடருமா என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் போராடினார்கள். திட்ட நிதியை நம்பியிருக்கும் மையங்களில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதுதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம்.

தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

கொடைக்கானலில் 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மகளிரியல் துறைகள் உள்ளன. வெளியே மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஆகியவை அறியப்பட்டவை.

முதுகலையில் சேரப் பொதுவாக ஏதாவது ஒரு பட்டம் போதும். எந்த ஆண்டு என்ன தகுதி, என்ன கட்டணம் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் பணிக்கான நெட் தேர்விலும் இது தனிப் பாடமாக இருக்கிறது.

வேலையைப் பொறுத்தவரை, பொறியியல் மாதிரி கேம்பஸ் இன்டர்வியூ வரிசையாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், ஊடகம், பணியிடப் பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுக்களுக்குப் பயிற்சி தருவது போன்ற இடங்களில் இந்தப் படிப்பு உதவும். சட்டம், சமூகப்பணி, பொருளாதாரம், இதழியல் படித்தவர்கள் இதையும் சேர்த்துப் படித்தால் வாய்ப்பு கூடும்.

கல்லூரிக்குப் போகாதவங்களுக்கு இதுல என்ன இருக்கு?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல் நடக்கிறது. உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். வீட்டில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்பார். சமையலும் துணி துவைப்பதும் அந்தக் கணக்கில் 'வேலை'யாக வராது. ஆனால் குடும்ப வயலில், மளிகைக் கடையில், தறியில் அம்மா சம்பளம் இல்லாமல் உழைத்தால், அது வேலைதான். அதைச் சொல்ல வேண்டியது நாம்தான்.

அன்றைக்கு "அம்மா வீட்டுல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.