சில்லறை வணிகர் விற்ற பழஞ்சவரக்கத்திகள்: பிறப்பிடம் அறியும் முறையும் தமிழக உருக்கின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய சவரக்கத்திகளின்மேல் காணப்படும் பெயர் பல வேளைகளில் விற்றவரின் பெயரே. செய்தவரின் பெயர் அன்று. இக்கட்டுரை, ஒரு கத்தியில் விற்றவர், செய்தவர், எஃகு ஆகிய மூன்றின் தடயங்களையும் பிரித்தறியும் முறையை விளக்குகிறது. ஒரே பொருள் வெவ்வேறு பெயர்களில் சந்தைக்குச் செல்லும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தின் நடைமுறை இதற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சவரக்கத்தி, வணிக முத்திரை, பிறப்பிடக் குறி, உருக்கு, பரங்கிப்பேட்டை, ஒரகடம்

முன்னுரை

மயிர் குறைக்கும் கருவி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பொருநராற்றுப்படை பாடினியின் காதுக்கு அக்கருவியின் கைப்பிடியை உவமையாக்குகிறது. ஆயினும், நாவிதர் பெட்டியிலிருந்து பழம்பொருள் கடைக்கு வந்து சேரும் கத்திகள் ஆய்வுப் பொருளாக அரிதாகவே நோக்கப்படுகின்றன. அவற்றை விற்போர், அலகில் உள்ள பெயரையே உற்பத்தியாளர் பெயராகக் கூறிவிடுகின்றனர். அப்பிழை அருங்காட்சியகப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டால், பின்வரும் ஆய்வுகள் அதனையே சான்றாகக் கொள்ளும்.

பெயரும் பிறப்பிடமும்: ஒரகடம் தரும் ஒப்பீடு

ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் ஆலையில் ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ என்னும் இரு கார்கள் ஒரே அடிப்படை வடிவமைப்பில் உருவாயின. சந்தையில் அவை இரண்டு நிறுவனங்களின் வண்டிகளாக விற்றன. ராயல் என்ஃபீல்டு என்னும் பெயர் இன்னும் தெளிவான சான்று. என்ஃபீல்டு என்பது இலண்டனுக்கு அருகிலுள்ள ஊர். அங்கிருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகங்கள் வழங்கியதால் அப்பெயர் வந்தது. ஆனால், நிறுவனத்தின் ஆலை இருந்த ஊர் ரெடிட்ச். இன்று அப்பெயர் தாங்கிய வண்டிகள் ஒரகடத்தில் உருவாகின்றன. பெயரில் உள்ள ஊரும் பொருள் பிறந்த ஊரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை இவை காட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டுக் கத்தி வணிகமும் இவ்வாறே இயங்கியது. ஷெஃபீல்டு, சொலிங்கன் பட்டறைகள் கடைக்காரர் விரும்பிய பெயரைப் பொறித்து மொத்தமாகக் கத்திகளை அனுப்பின.

கத்தியில் தேடவேண்டிய இடங்கள்

முதலில் நோக்கவேண்டியது, அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் கழுத்துப் பகுதி. இங்குள்ள முத்திரை, எஃகைக் கடினப்படுத்துவதற்கு முன் பட்டறையிலேயே அடிக்கப்படுவது. எனவே இதன் சான்று வலியது; எனினும், மொத்தக் கொள்முதலில் கடைக்காரர் பெயரும் இங்கே அடிக்கப்பட்டதுண்டு. அலகின் பக்கத்தில் அமிலத்தால் பொறிக்கப்பட்ட எழுத்து, வேலை முடிந்தபின் இடப்படுவது. கடைப்பெயரும் விளம்பரச் சொற்களும் இங்கு மிகுதி. கைப்பிடி எளிதில் மாற்றத்தக்கது என்பதால் அதன் சான்று மிகவும் தளர்ந்தது. செல்லுலாய்டு கைப்பிடி 1870-க்கு முற்பட்டதாக இருக்கவியலாது. ஆனால், அதில் பொருத்தப்பட்ட அலகு மேலும் பழையதாக இருக்கலாம்.

வடிவமும் காலம் காட்டும். 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் விரல் தாங்கும் நீண்ட வால் இல்லை. அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. இருபுறமும் ஆழமாகக் குழிவு பிடித்த மெல்லிய அலகு அந்நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. முடியுடன் கூடிய ‘வி.ஆர்.’ முத்திரை, விக்டோரியா ஆண்ட 1837–1901 காலத்தைக் குறிக்கும், ‘டபிள்யூ.ஆர்.’ 1830–1837 என்னும் குறுகிய காலத்தைக் குறிக்கும்.

சட்டம் இட்ட குறி

நாட்டுப்பெயர் கத்திகளில் இடம்பெற்றதற்குச் சட்டமே முதன்மைக் காரணம். பிரித்தானியப் பெயர் தாங்கிவந்த அயல்நாட்டுச் சரக்கைத் தடுக்க 1887-இல் பிரித்தானிய வணிகக்குறிச் சட்டம் வந்தது. 1889-இல் இந்தியாவிற்கும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இந்திய அல்லது பிரித்தானிய வணிகர் பெயரைத் தாங்கிவரும் அயல்நாட்டுப் பொருள், அது வேறு நாட்டில் செய்யப்பட்டது என்பதை வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்பதே இதன் சாரம். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டுப்பெயரைக் கட்டாயமாக்கியது. சொலிங்கன் என்னும் ஊர்ப்பெயருக்கு 1938-இல் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

இங்கு ஒரு தருக்கப் பிழையைத் தவிர்க்கவேண்டும். நாட்டுப்பெயர் இருப்பின் கத்தி பெரும்பாலும் இச்சட்டங்களுக்குப் பிற்பட்டது எனலாம். நாட்டுப்பெயர் இல்லாமையால் அது முற்பட்டது எனல் ஆகாது. செய்த நாட்டிலேயே விற்கப்பட்ட கத்திக்கு அக்குறி தேவைப்படவில்லை.

எஃகின் பிறப்பிடம்

தமிழக ஆய்வாளருக்கு முதன்மையான வினா இதுவே. ஐரோப்பியர் ‘வூட்சு’ என்றழைத்த தென்னிந்திய உருக்கு குறித்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் இலண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை அளித்தார். இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், தம் சவரக்கத்திகள் இந்திய உருக்கால் ஆனவை என்று வணிக அட்டையில் விளம்பரம் செய்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் இணைந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருக்குக் கலவைகளை ஆராய்ந்தனர். அதன் விளைவாக ‘வெள்ளி எஃகு’ என்னும் பெயர் கத்திகளில் பரவியது.

மற்றொரு தொடர்பு பரங்கிப்பேட்டை வழியானது. சென்னை மாகாண அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-இல் அங்கு இரும்பாலை நிறுவினார். சேலம் வட்டாரத் தாதுவிலிருந்து பெற்ற இரும்பு இங்கிலாந்துக்கும் சென்றது. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அம்முறையால் பயனடைந்தது. நீண்ட வழக்குகளில் சிக்கிய ஹீத் பயனடையவில்லை.

இவ்வரலாறு பெருமைக்குரியது. எனினும், அதைக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கத்தியைத் தமிழக உருக்கால் ஆனது எனக் கூறுதல் முறையன்று. ‘வெள்ளி எஃகு’ விளம்பரப் பெயராகவும் வழங்கியது. உலோகவியல் பகுப்பாய்வு இன்றி அலகின் எழுத்து எஃகின் ஊரை மெய்ப்பிக்காது.

முடிவுரை

சென்னைக் கடையொன்றின் பெயர் அலகிலும், ‘ஜெர்மனி’ என்னும் சொல் கழுத்திலும் உள்ள கத்தி ஒன்றைக் கொள்வோம். விற்றவர் சென்னை வணிகர். செய்த நாடு ஜெர்மனி. காலம் பெரும்பாலும் 1889-க்குப் பின். பட்டறையும் எஃகும் அறியப்படவில்லை. பட்டியலில் இவை தனித்தனி வரிகளாக இடம்பெற வேண்டும். அறியாத வரி வெறுமையாகவே நிற்கவேண்டும். அவ்வரியில் கடைக்காரர் பெயரை எழுதிவிட்டால், சாணைத் தூசியால் நுரையீரல் கெட்டு இளமையில் மாண்ட ஷெஃபீல்டு தொழிலாளரும், உலையில் இரும்பு உருக்கிய சேலத்துத் தொழிலாளரும் வரலாற்றிலிருந்து மறுமுறையும் நீக்கப்படுவர். அவர்களைத் தேடுவதற்கான இடத்தை அந்த வெற்று வரியே காத்துவைக்கிறது.