மாத்திரையைக் கூட்டுறதா, குறைக்கிறதா?

போன சாரல் சீசன்ல தென்காசிக்குப் போயிருந்தேன். அருவியில குளிக்க இல்ல, அம்மாவைப் பார்க்க. ராத்திரி 2 மணிக்கு எழுப்பி, "ஏல, அந்தப் பிள்ளையளுக்குச் சோறு போட்டியா?"ன்னு கேட்டாங்க. அறையில எங்க ரெண்டு பேரைத் தவிர யாருமே இல்ல.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் வந்து 14 வருஷம் ஆகுது. மூளையில டோபமைன் சுரக்கிற செல்கள் அழிஞ்சுக்கிட்டே வர்ற நோய் இது. அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா மாத்திரை. 1960-கள்ல வந்த மருந்து, இன்னைக்கும் இதை மிஞ்ச வேற இல்ல. ஆனா நோய் முத்த முத்த ஒரு மாத்திரை தாங்குற நேரம் சுருங்கிடும். கூட்டினா உடம்பு அசையும், கூடவே இல்லாத ஆளுங்களும் தெரியலாம். குறைச்சா அந்தப் பிள்ளைங்க போயிடலாம், அம்மா கட்டில்லயே விறைச்சுக் கிடப்பாங்க.

அன்னைக்கே மாத்திரையை நிறுத்திடலாம்னுதான் எனக்குத் தோணுச்சு. நல்லவேளை, செய்யல. திடீர்னு நிறுத்தினா கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நரம்பியல் டாக்டர் மாத்திரைப் பக்கமே உடனே போகல. சிறுநீர்த் தொற்று இருக்கா, மலச்சிக்கல் இருக்கா, தண்ணி குடிக்காங்களான்னு பார்த்தார். அப்புறம், "வேற என்ன குடுக்கீங்க?"

சித்தி மெதுவா சொன்னாங்க, "பூனைக்காலிப் பொடி." குற்றாலத்துல வாங்கினது, தினம் ரெண்டு வேளை வெந்நீர்ல. எனக்குச் சுர்ருன்னு கோவம். டாக்டர் கோவப்படல. பூனைக்காலி விதையில இருக்கிறதே லெவோடோபாதான்னார். அதாவது, அளவு தெரியாம மாத்திரைக்கு மேல அதே மருந்து. 'இயற்கைதானே'ன்னு சித்தி நினைச்சதும் தப்பு, 'வெறும் பொடி'ன்னு நான் இளக்காரமா நினைச்சதும் தப்பு.

பொடி நின்னுச்சு. நடுக்கத்துக்குக் குடுத்துட்டிருந்த டிரைஹெக்சிபெனிடில் வயசானவங்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும்னு அதையும் படிப்படியா நிறுத்தினார். ராத்திரி வர்ற பிள்ளைங்க குறைஞ்சாங்க, முழுசா போகல.

இதைக் குறிச்சுக்கங்க: அவசரத்துல எங்கயாவது கூட்டிட்டுப் போனா, அமைதிப்படுத்த ஹாலோபெரிடால், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடுன்னு போட்டுடலாம். ரெண்டுமே டோபமைனைத் தடுக்கும், விறைப்பு மோசமாகும். நான் சீட்டுல எழுதி ஃபைல் மேல ஒட்டி வச்சிருக்கேன்.

அடுத்தது, குவெட்டியாபினைச் சின்ன அளவுல சேர்க்கலாம், இல்ல லெவோடோபாவைக் கொஞ்சம் குறைக்கலாம். முன்னதுல தூக்கக் கலக்கம், விழுற பயம். பின்னதுல நடை போயிடும். நானும் சித்தியும் மாத்தி மாத்திப் பேசினோம். அம்மாவை யாரும் கேட்கல! காலையில தெளிவா இருந்த நேரமாப் பார்த்துக் கேட்டேன்.

"பிள்ளைய வந்தா வந்துட்டுப் போகட்டும். எனக்கு வாசல் வரைக்கும் நடக்கணும்."

அந்தப் பிள்ளைங்க அம்மாவைப் பயமுறுத்தல, அதனால டாக்டரும் சரின்னார். பயந்து அலறுற மாதிரி இருந்தா வேற முடிவு எடுத்திருப்போம். இப்போ ராத்திரி 2 மணிக்கு அம்மா கேட்டா, சித்தி படுத்துக்கிட்டே சொல்லிடுறாங்க: "சோறு போட்டாச்சுக்கா, தூங்குங்க."