முதல் பக்கத்தைத் தாண்டிய சித்திரக்கதைகள்

ஜெஃப் ஜாக்ஸ் என்ற அமெரிக்கர் 2003 ஆகஸ்டில் 'குவெஸ்ச்சனபிள் கன்டென்ட்' என்ற இணைய காமிக்ஸைத் தொடங்கினார். அதன் அத்தியாயங்கள் இன்று ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. முதல் நாளில் வரைந்ததிலிருந்து எல்லாமே வரிசையாக, காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. முதல் அத்தியாயத்தைத் திறந்துவிட்டு, உடனே மூவாயிரமாவதற்குத் தாவிப் பாருங்கள். இரண்டையும் வரைந்தது ஒரே கைதான் என்று நம்புவது கடினம். முதலாவதில் கோடு விறைத்து நிற்கிறது, உடல்களுக்கு எடையே இல்லை. பிந்தையதில் ஆட்கள் நாற்காலியில் உண்மையாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாக்ஸ் பழையதை அழிக்கவுமில்லை, ஒளித்து வைக்கவுமில்லை.

நீண்ட காலம் ஓடிய எந்த இணைய காமிக்ஸை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். ஓவியர் கற்றுக்கொள்வது வாசகர் கண்முன்னாலேயே நடக்கிறது. அச்சு இதழில் இதற்கு வழியில்லை. அங்கே ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று, தேறியதை மட்டும்தான் உள்ளே விடுவார். இணையத்தில் அந்த வாசற்காவல் இல்லை. வந்த சுதந்திரத்தோடு சிக்கலும் வந்தது: காவல்காரர் வேலையையும் வரைபவரே தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பலர் அந்த வேலையில் ஈவிரக்கமில்லாமல் நடந்துகொள்கிறார்கள். மனதில் பத்து வருடமாக ஒரு கதை. கணினியில் கதாபாத்திரங்களின் முகங்கள், உடைகள், அந்த உலகத்தின் வரைபடம், அரச வம்சாவளி எல்லாம் கோப்பு கோப்பாக இருக்கும். முதல் பக்கம் மட்டும் பன்னிரண்டு விதமாக வரைந்து, பன்னிரண்டும் பாதியில் நிற்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். இந்தக் கலையின் உள்கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் அந்தப் பன்னிரண்டில் ஒன்று கண்டிப்பாக வெளியே வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

முதலில் மனதின் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லாம் குறையின்றி இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை உளவியலாளர்கள் ஒற்றைக் குணமாகக் கருதுவதில்லை. ராண்டி ஃப்ராஸ்டும் அவரது சகாக்களும் 1990-இல் வெளியிட்ட அளவுகோல் அதைப் பல கூறுகளாகப் பிரித்தது. உயர்ந்த தரத்தைத் தனக்கு வைத்துக்கொள்வது ஒரு கூறு. தவறு நேர்ந்துவிடுமோ என்ற பதைப்பு வேறொரு கூறு. செய்து முடித்ததைச் சரியாகத்தான் செய்தோமா என்று ஓயாமல் சந்தேகிப்பது இன்னொன்று. முதல் கூறு ஓவியரை வளர்க்கக்கூடியது. ஆளை முடக்கிப்போடுவது பெரும்பாலும் மற்ற இரண்டும்தான். "எனக்குத் தரம் முக்கியம், அதனால்தான் வெளியிடவில்லை" என்று சொல்பவர், அதைச் சொல்லவைப்பது இந்த மூன்றில் எது என்று நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். டாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 'மற்றவர்கள் என்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள்' என்ற எண்ணம்தான் அந்தக் காலத்தில் மிகுதியாக ஏறியிருந்தது. ஆக, முதல் பக்கத்திலேயே தேங்கி நிற்பவர் தனியாள் இல்லை.

இனி கலைக்கு வருவோம். காமிக்ஸ் எப்படி இயங்குகிறது?

ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் நகரத்தின் இரவு வானம், ஓர் அலறல். வெட்டு எங்கே விழுந்தது? வரைந்தவர் அதை வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் வாசகர்தான் அதை நடத்தி முடித்தார். ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூல் இதை விரிவாக விளக்குகிறது. அந்த நூலே காமிக்ஸ் வடிவில் வரையப்பட்டது. அசைவு, நேரம், ஓசை மூன்றும் அந்த வெற்றிடத்தில் வாசகரின் மூளைக்குள் பிறக்கின்றன. காமிக்ஸில் பாதி வேலை வாசகருடையது. ஓவியர் என்னதான் இழைத்தாலும் அந்தப் பாதியை அவரால் வரைய முடியாது.

மெக்லவுட் சொல்லும் இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். முகத்தில் விவரம் குறையக் குறைய, அது இன்னாருடைய முகம் என்பது கரைந்து யாருடைய முகமாகவும் ஆகிவிடுகிறது. ஒரு வட்டத்தையும் இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டையும் கண்டால் அது சிரிக்கிறதா அழுகிறதா என்று கண் கணத்தில் அறிந்துகொள்ளும். காமிக்ஸில் ஓவியம் எழுத்துபோல் வாசிக்கப்படுகிறது. அதனிடம் முதலில் கேட்கப்படுவது தெளிவு. அழகு அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதற்கு ராண்டால் மன்ரோவைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இயற்பியல் படித்தவர், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். தன் நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கியிருந்ததை 2005-இல் ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். அதுவே 'எக்ஸ்கேசிடி'. குச்சி உடம்பு, வட்டத் தலை. முகத்தில் கண்ணோ மூக்கோ கிடையாது. 2013-இல் 'டைம்' என்ற தலைப்பில் கடற்கரையில் மணல்கோட்டை கட்டும் இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தார். படம் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாக மாறும். நான்கு மாதங்களில் மொத்தம் 3,099 படங்கள். அது 2014-இல் ஹியூகோ விருது பெற்றது. ரயன் நார்த் என்ற கனடாக்காரர் இன்னும் துணிந்தவர். 2003-இல் அவர் தொடங்கிய 'டைனோசர் காமிக்ஸ்' ஆறு கட்டங்கள் கொண்டது. அந்த ஆறு படங்களும் தினந்தினம் மாறுவதே இல்லை, வசனம்தான் மாறும். இருபது ஆண்டுகளாக வாசகர்கள் அதே டைனோசர் அதே வீட்டை மிதிக்கப்போவதைப் பார்த்துக்கொண்டு, அது இன்றைக்கு என்ன பேசுகிறது என்று படிக்கிறார்கள். உங்களுக்குக் கை வரைய வராது என்றால், கையே தேவைப்படாத ஒரு கதை இருக்கிறது என்பதை நார்த்திடம் கற்கலாம்.

எல்லோரும் குச்சி மனிதர்களை வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்ணமும் ஒளியும் நிறைந்த பக்கம் எனக்கும் பிடிக்கும். அந்தப் பக்கத்தை எட்டுவதற்கும் வேலைமுறை ஒன்று உண்டு. தொழில் தெரிந்தவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக முடித்துக்கொண்டே போக மாட்டார்கள். கதையை எழுதியதும், ஒவ்வொரு பக்கத்தையும் தீப்பெட்டி அளவில் கிறுக்கிப் பார்ப்பார்கள்: யார் எங்கே நிற்கிறார், பார்வை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தக் கட்டம் பெரிது என்பது மட்டும் போதும். அந்த அளவில் யாராலும் அழகாக வரைய முடியாது. அதன் நன்மையே அதுதான். இருபது பக்கக் கதையின் கிறுக்கல்களை ஒரு மாலைக்குள் முடித்துவிட்டால், கதை தொடக்கம் முதல் முடிவுவரை கண்முன் வந்துவிடும். பிறகு பென்சில், மை, வண்ணம் என்று எல்லாப் பக்கங்களையும் ஒரே சமயத்தில் ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். முதல் பக்கத்துக்கு வண்ணம் தீட்டி முடித்துவிட்டு இரண்டாவது பக்கத்தை யோசிப்பவர்தான் அநேகமாக மாட்டிக்கொள்கிறார். முதல் பக்கம் அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிடும். அடுத்ததை அதற்கு ஈடாக வரையப் பயந்து கை நின்றுவிடும்.

வசனத்தைக் கடைசியில் சேர்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. தமிழில் வரைபவர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. நம் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமையும் ஒட்டி ஒட்டி ஒரே சொல் வசன பலூனின் அகலத்தை அடைத்துக்கொள்ளும். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வாசித்து வளர்ந்தவர்களுக்கு, வெளிநாட்டு ஓவியர் வேறொரு மொழிக்கு அளந்துவைத்த பலூனுக்குள் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கும். சொந்தமாக வரைபவருக்கு அந்த நெருக்கடி வேண்டியதில்லை. கிறுக்கல் நிலையிலேயே வசனத்தை எழுதி, பலூனுக்கு இடம் விட்டு, மீதியில் ஆளை நிறுத்தலாம். பேச்சுத்தமிழில் எழுதினால் சொல்லும் சுருங்கும், பேசுபவரின் ஊரும் தெரியும். இன்னொன்று: தமிழ் ஒருங்குறியைச் சரியாகக் கையாளத் தெரியாத வரைகலை மென்பொருளில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறும். வரையத் தொடங்கும் முன்பே ஒரு வரி தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

வரையும் கருவியிலேயே ஒரு பொறி இருக்கிறது. காகிதத்தில் இந்திய மையால் இழுத்த கோடு இழுத்ததுதான். டேப்லெட்டில் அண்டூ இருக்கிறது. ஒரே புருவத்தை முப்பது தடவை இழுக்கலாம். அதைவிட மோசமானது பெரிதாக்கிப் பார்க்கும் வசதி. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி ஒரு விரல்நகத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பீர்கள். வாசகர் அதைப் பேருந்தில் நின்றபடி, உள்ளங்கை அளவுத் திரையில், ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே தள்ளிவிடுவார். அவர் பார்க்கும் அளவில் வைத்து வரையுங்கள். அந்த அளவில் தெரியாத குறை வாசகரைப் பொறுத்தவரை குறையே இல்லை. வரைவதற்கு மென்பொருள் வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை; இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவே போதும். டேவிட் ரெவுவா என்ற பிரெஞ்சு ஓவியர் 2014 முதல் அதில்தான் 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற மிக அழகான காமிக்ஸை வரைந்து வருகிறார்.

தென்கொரியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான 'வெப்டூன்' வடிவம் பக்கம் என்ற கருத்தையே கைவிட்டது. கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகும்; விரலால் தள்ளிப் படிக்க வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விடுகிறோமோ அவ்வளவு மௌனம். பயமுறுத்த வேண்டுமென்றால் நீண்ட வெறுமை, அப்புறம் திடீரென்று ஒரு முகம். பக்கத்தை அடுக்கும் கணக்கு தெரியாதவர்க்கு இது எளிய வாசல். அங்கே தொழிலாக வரைபவர்கள் வாரம் ஒன்றுக்கு அறுபது, எழுபது வண்ணக் கட்டங்கள் வரை தரவேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் உதவியாளர்களோடு செய்யப்படும் வேலை, அப்படியும் உடம்பைக் கெடுக்கிறது என்ற முறையீடு கொரிய ஓவியர்களிடையே பலமாக எழுந்திருக்கிறது. அந்தப் பளபளப்பை இரவில் தனியாக உட்கார்ந்து வரையும் ஒருவர் தன் தரமாக வைத்துக்கொள்வது நியாயமே இல்லை.

ஆனாலும் கெடு வேண்டும். ஹோவர்ட் டெய்லர் 'ஷ்லாக் மெர்சினரி' என்ற விண்வெளிக் கதையை 2000 ஜூனிலிருந்து 2020 ஜூலை வரை தினந்தோறும் வெளியிட்டார். தொடங்கியபோது அவர் தேர்ந்த ஓவியர் அல்லர். இருபது ஆண்டு நாள்தோறும் வரைந்தே தேர்ந்தார். அவருடைய வேகம் எல்லோருக்கும் ஒத்துவராது. வாரம் ஒரு பக்கம் என்பதே கௌரவமான வேகம். வெளியிடத் தொடங்கும் முன் எட்டுப் பத்துப் பக்கங்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தாலும் தேர்வு வந்தாலும் கதை நிற்காது. நூறாவது பக்கத்துக்கும் சேர்த்துக் கையிருப்பு வைத்துவிட்டு ஆரம்பிப்பேன் என்று சொல்வது ஒத்திப்போடுவதன் இன்னொரு வேடம்.

பத்து வருடமாக மனதில் இருக்கும் அந்தப் பெரிய கதையை முதலில் எடுக்க வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதன்மேல் பிரியம் அதிகம், ஒவ்வொரு கோணலும் அங்கே துரோகமாகத் தெரியும். பிரியம் குறைந்த ஒரு குட்டிக் கதையை, நான்கைந்து பக்கத்தில் முடிவதை, முதலில் முடியுங்கள். முடிக்கும் அனுபவத்தை வேறெந்தப் பயிற்சியாலும் பெற முடியாது. மெக்லவுட் இதற்கென்றே 1990-இல் ஒரு சவாலை உருவாக்கினார். அவருடைய நண்பர் ஸ்டீவ் பிஸெட் அருமையான ஓவியர், ஆனால் மிக மெதுவாக வரைபவர். 24 மணி நேரத்தில், முன்தயாரிப்பு இல்லாமல், 24 பக்கக் காமிக்ஸ் ஒன்றை இருவரும் வரைவது என்று பேசிக்கொண்டார்கள், வரைந்தும் விட்டார்கள். பின்னால் பலர் முயன்றார்கள், சிலரால் முடியவில்லை. அதற்கும் விதிகளில் இடம் கிடைத்தது. நேரம் தீர்ந்ததும் இருக்கிற பக்கங்களோடு கதையை முடித்துக்கொள்வதற்கு எழுத்தாளர் நீல் கெய்மனின் பெயர். நேரம் கடந்தாலும் 24 பக்கமும் வரைந்து முடிப்பதற்கு ஓவியர் கெவின் ஈஸ்ட்மனின் பெயர். அவர்கள் இருவரும் அப்படித்தான் தவறினார்கள். இரண்டையும் மெக்லவுட் மரியாதைக்குரிய தோல்விகளாகவே எண்ணினார்.

ஜப்பானில் ஒன் என்ற புனைபெயர் கொண்டவர் 2009-இல் 'ஒன் பன்ச் மேன்' வரையத் தொடங்கினார். எந்த எதிரியையும் ஒரே குத்தில் வீழ்த்திவிடுவதால் வாழ்க்கையே சலித்துப்போன ஒரு மொட்டைத்தலை வீரனின் கதை. கோடுகள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தை நினைவூட்டும், கதையோ பிரமாதம். அதைப் படித்து மயங்கியவர்களில் ஒருவர் யூசுகே முராட்டா, 'ஐஷீல்ட் 21' வரைந்து ஏற்கெனவே புகழ்பெற்றவர். அவரே அந்தக் கதையை மறுபடி வரைந்து தருவதாக முன்வந்தார். 2012-இல் அந்த வடிவம் வெளிவரத் தொடங்கியது. முராட்டா நுணுக்கத்தில் யாருக்கும் சளைக்காதவர். வெளியான அத்தியாயங்களையே பிடிக்காமல் திரும்ப வரைந்து மாற்றியிருக்கிறார், அதுவும் பலமுறை. மாற்றுவது வெளியிட்ட பிறகுதான். முதல் வடிவத்தை வாசகர்கள் அதற்குள் படித்துவிட்டிருப்பார்கள். ஒன் தன் மூல வடிவத்தையும் நிறுத்திவிடவில்லை. உலகமே முராட்டாவின் கோட்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்திலும் தன் கோணல் கோட்டிலேயே புதிய அத்தியாயங்களை அவர் வெளியிட்டு வந்தார், அவற்றுக்காகக் காத்திருந்து படித்தவர்களும் ஏராளம்.