பனிக்கட்டித் தட்டின் வடிவமும் வீட்டுழைப்பும் : ஒரு சமூகவியல் நோக்கு

1

கலை இலக்கிய வடிவங்கள் சமூக வரலாற்றினின்றும் தனித்து இயங்குவனவல்ல என்பது ஆய்வாளர் பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். காவியத்தின் அமைப்பையும் நாவலின் தோற்றத்தையும் அவ்வக்கால உற்பத்தி உறவுகளோடு பொருத்திக் காண நாம் பழகியிருக்கிறோம். ஆயின், அன்றாடப் பாவனைப் பொருள்களின் வடிவங்கள் இத்தகைய கவனத்தைப் பெற்றனவல்ல. அவை பொறியியலாளருக்கும் வணிகருக்கும் உரியன என்று விடப்பட்டுள்ளன. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியினுள் இருக்கும் பனிக்கட்டித் தட்டு அத்தகைய பொருள்களுள் மிகச் சிறியது. ஆராய்ச்சிக்கு உரியதோ என்ற ஐயத்தை எழுப்பத்தக்கது. எனினும், மனித உழைப்பு பட்ட எப்பொருளும் சமூக உறவுகளின் சுவடுகளைத் தன்னகத்தே தாங்கி நிற்கிறது.

இக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவில் 1914 தொடக்கம் 1960கள் வரை பனிக்கட்டித் தட்டின் வடிவம் அடைந்த மாற்றங்களை விளக்க முற்படுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டதும், தட்டின் பல்வேறு வடிவங்கள் காப்புரிமை பெற்றதும் அந்நாட்டிலேயாம். தொழினுட்பப் பிரச்சினை எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதோடு, உறைந்த கட்டியைத் தட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் உழைப்பு யார்மீது சுமத்தப்பட்டது என்ற வினாவும் இங்கு எழுப்பப்படுகிறது.

2

வீட்டில் உற்பத்தியாகும் பொருளாக மாறுமுன்னர், பனிக்கட்டி விலைக்கு வாங்கப்படும் பண்டமாக இருந்தது. பொஸ்டன் நகர வணிகரான பிரெடெரிக் டியூடர் 1806இல் மார்ட்டினிக் தீவுக்குப் பனிக்கட்டியை ஏற்றி அனுப்பினார். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. உருகியது போக நூறு தொன் அளவு கரைசேர்ந்தது. இவ்வணிகத்தின் பொருட்டுச் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட களஞ்சியமே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. அதனைச் சூழ்ந்த பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ்ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். காலனித்துவ வணிகம் தமிழ் மக்களின் பேச்சுவழக்கில் விட்டுச்சென்ற சுவடு அது.

1851இல் புளோரிடாவைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் கொரி பனிக்கட்டி செய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைப் பனிக்கட்டி, ஏரிப் பனிக்கட்டியைப் படிப்படியாகப் பின்தள்ளியது. இவ்விரு கட்டங்களிலும் பனிக்கட்டியை ஆக்கி வழங்கிய உழைப்பு கூலியுழைப்பாகவே இருந்தது. ஏரியில் வாள்கொண்டு அறுத்தவரும், ஆலையில் வேலை செய்தவரும், பெருங்கட்டியைத் தோளிற் சுமந்து வீட்டுக்கு வீடு கொண்டுசென்று பனிப்பேழையில் வைத்தவரும் கூலி பெற்றனர். அக்கூலி எத்துணை குறைவாயினும் கணக்கில் ஏறியது.

1914ஆம் ஆண்டளவில் சிக்காகோவில் பிரெட் வூல்ப் என்பவர் 'டொமெல்ரே' என்ற மின்குளிரூட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பனிக்கட்டி உறையச் செய்யும் சிறு தட்டு அதிலேயே இடம்பெற்றது. பின்னர் கெல்வினேட்டர், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பிரிஜிடெயர், 1927இல் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தின் 'மொனிட்டர் ரொப்' ஆகியவை வந்தன. 1940ஆம் ஆண்டு அமெரிக்க வீட்டுக் கணக்கெடுப்பின்படி, நூறு வீடுகளில் ஏறத்தாழ 44 வீடுகள் பொறிமுறைக் குளிரூட்டியைக் கொண்டிருந்தன. 27 வீடுகள் இன்னமும் பனிப்பேழையையே நம்பியிருந்தன.

இம்மாற்றத்தின் சமூக உள்ளடக்கம் கருதத்தக்கது. பனிக்கட்டி ஆக்கும் தொழில், ஆலையிலிருந்து அடுக்களைக்குப் பெயர்ந்தது. தட்டில் நீர் நிரப்புதல், சிந்தாமற் கொண்டுசென்று வைத்தல், உறைந்தபின் பெயர்த்தல், மீண்டும் நிரப்புதல் ஆகிய யாவும் வீட்டிலுள்ளோரின், பெரும்பாலும் பெண்களின், கூலியற்ற வேலைகளாயின. பனிக்கட்டிக்காரர் மறைந்தார். அவர் வேலையின் ஒரு பகுதி வேறு கைகளுக்கு மாறியது.

3

தட்டின் வடிவமைப்பை விளங்கிக்கொள்வதற்குச் சில பௌதிக உண்மைகள் இன்றியமையாதன. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் குறைப்பதற்கு ஒரு கலோரி வெப்பத்தை அகற்றினாற் போதும். பூச்சியப் பாகையிலுள்ள அதே நீரைப் பனிக்கட்டியாக்குவதற்கோ ஏறத்தாழ 80 கலோரி அகற்றப்பட வேண்டும். 28 பாகையிலுள்ள அரைக் கிலோ நீரை உறையச் செய்கையில், அகற்றப்படும் மொத்த வெப்பத்தில் நான்கில் மூன்று பங்களவு உறைதலுக்கே செலவாகிறது. ஆதலால் விரைவாக உறையவேண்டுமாயின் நீர் சிறு அறைகளாகப் பகுக்கப்படல் வேண்டும். அவ்வறைகளின் சுவர்கள் வெப்பத்தை நன்கு கடத்தவும் வேண்டும்.

இனி, நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது வீதத்தால் அதிகரிக்கிறது. உறைதல் சுவரோரத்திலும் மேற்பரப்பிலும் தொடங்கி உள்நோக்கிச் செல்வதால், நடுவிற் சிறைப்பட்ட நீர் இறுதியில் விரிவடைந்து கட்டியின் முதுகைப் புடைக்கச் செய்கிறது, சுவர்களையும் நெருக்குகிறது. இவற்றோடு ஒட்டுதலும் சேர்கிறது. பனிக்கட்டி உலோகப் பரப்பில் மிக இறுகப் பற்றிக்கொள்ளும். சுவரிலிருந்து அதனை விடுவிக்க வேண்டிய விசை, பனிக்கட்டி தன்னைத்தான் பற்றிநிற்கும் விசையிலும் மிகுமாயின், கட்டி பெயராது உடைந்து போகும்.

எனவே தட்டு ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது. நீரைச் சிந்தாமற் பற்றிக்கொள்வதும் அதன் பணி. பனிக்கட்டியை எளிதில் விட்டுக்கொடுப்பதும் அதன் பணி. வெப்பத்தை நன்கு கடத்தும் உலோகமே பனிக்கட்டியை இறுகப் பற்றுவதாகவும் உள்ளது. எளிதில் விடும் இறப்பரோ வெப்பத்தை அரிதிற் கடத்துகிறது. தட்டின் வடிவ வரலாறு இம்முரண்பாட்டின் வரலாறு எனலாம்.

4

தொடக்ககால உலோகத் தட்டுகளில் இம்முரண்பாடு தீர்க்கப்படவில்லை. தட்டைக் குழாய்நீரின் கீழ்ப் பிடித்து, சுவரோரத்திலுள்ள மென்படலத்தை உருகச் செய்தே கட்டிகளை எடுத்தனர். சில மணிநேரம் மின்சாரம் செலவழித்து உறையச் செய்ததில் ஒரு பகுதியை மீண்டும் நீராக்கும் முறை அது. அதன்பின் மூவகைத் தீர்வுகள் தோன்றின.

முதலாவது, பொருளை மாற்றுதல். மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரைச் சேர்ந்த லொயிட் கோப்மன், மேப்பிள் மரச்சாறு சேகரிக்கக் காட்டிற் சென்றபோது, தம் இறப்பர்ச் சப்பாத்தில் உறைந்த பனி எளிதில் உதிர்வதைக் கண்டார் என்பர். வளையும் இறப்பரால் ஆன தட்டுக்கு அவர் 1928இல் காப்புரிமை பெற்றார். கட்டியை இதில் விரலால் அழுத்தி வெளித்தள்ளலாம். ஆனால் உறைவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, தட்டையே வளையச் செய்தல். 1933இல் கை டிங்கம் துருப்பிடியா உருக்கினால் ஆன நெகிழும் தட்டை வடிவமைத்தார். 'மக்கோர்ட் தட்டு' என்ற பெயரில் ஐம்பது சதத்துக்கு விற்கப்பட்ட இதன் அறைச்சுவர்கள், மேல்நோக்கி விரியும் சாய்வு உடையன. தட்டைப் பக்கவாட்டில் வளைத்ததும் கட்டிகள் அச்சாய்வின் வழியே மேலெழும்.

மூன்றாவது, நெம்புகோலைப் புகுத்துதல். ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில் ஆதர் பிரை இத்துறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்புரிமைகள் பெற்றார். அலுமினியத் தட்டு ஒன்று. அதனுள் கழற்றத்தக்க சட்டகம் ஒன்று. நீளவாட்டில் ஓடும் நடுத்தகட்டில் குறுக்குத் தகடுகள் தளர்வாகக் கோக்கப்பட்டிருக்கும். மேலேயுள்ள நெம்புகோலை உயர்த்தியதும் நடுத்தகடு நகர, குறுக்குத் தகடுகள் சரிந்து கட்டிகளைச் சுவரிலிருந்து பிரிக்கும். பல வடிவமைப்புகளில் குறுக்குத் தகடுகள் ஒரேசமயத்தில் அன்றி வரிசையாகச் சரியும். ஒட்டுதல் ஒவ்வொரு வரிசையாக முறிவதால், கை கொடுக்கவேண்டிய உச்ச விசை குறைகிறது. தட்டு உறைதளத்தோடு ஒட்டிவிடுவதும் உண்டாதலின், முன்பக்கக் கைபிடியையும் ஒரு சிறு நெம்புகோலாக அமைத்தனர்.

இம்மூன்றாம் வகை நுணுக்கமானது. உழைப்பவரின் மணிக்கட்டையும் விரலையும் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. மூலதனம் அடுக்களைப் பெண்ணின் கையை இத்துணை கூர்ந்து நோக்கியது ஏன் என்ற வினா இங்கு எழுகிறது. அவளது உழைப்புக்கு விலை தரும் நோக்கம் அதில் இருக்கவில்லை. குளிரூட்டியை வாங்கத் தூண்டும் கவர்ச்சிகளுள் கட்டி எளிதிற் கழல்வதும் ஒன்றாயிற்று. பிரிஜிடெயர் தன் தட்டுக்குக் 'குவிக்கியூப்' எனத் தனி வணிகப் பெயர் சூட்டியது இதனாலேயே.

5

புத்தாக்கங்களைத் தனிமனித மேதைமையின் விளைவுகளாகக் கூறும் மரபு வலியது. கோப்மனின் சப்பாத்துக் கதை அதற்குத் தக்க சான்றாகும். ஆனால் தொழினுட்பத்தின் விமரிசன வரலாறு எழுதப்படுமாயின், தனியொருவருக்கே உரிய கண்டுபிடிப்பு அரிதென்பது புலனாகும் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியின் அடிக்குறிப்பு ஒன்றிற் சுட்டியுள்ளார். பனிக்கட்டித் தட்டு அதனை மெய்ப்பிக்கிறது.

இத்தட்டு மோட்டார் வாகனத் தொழிலின் மடியிற் பிறந்தது. பிளின்ற் வாகன நகரம். டேற்றனில் ஆதர் பிரை பெற்ற காப்புரிமைகள் ஜெனரல் மோட்டர்சுக்கு உரித்தாக்கப்பட்டன. நெம்புகோல் தட்டுகளை உற்பத்தி செய்தது அந்நிறுவனத்தின் 'இன்லண்ட்' பிரிவு. வாகனத்தின் சுக்கான் சில்லைச் செய்யவே அப்பிரிவு தொடங்கப்பட்டது. இறப்பரை வார்ப்பதிலும் உலோகத் தகட்டை அழுத்தி உருவாக்குவதிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் கைகளிற் சேர்ந்திருந்த அனுபவமே தட்டின் வடிவமாக வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அதே இன்லண்ட் பிரிவு இருபத்தாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்-1 காபைன் துப்பாக்கிகளைச் செய்தளித்தது என்பதும் மனங்கொளத்தக்கது. உழைப்பாளரின் திறன் ஒன்றே. அது தட்டாவதையும் துப்பாக்கியாவதையும் உடைமையாளரே தீர்மானித்தனர்.

பிளின்ற் நகரில் 1936 டிசம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் ஆலைகளுக்குள் அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அங்கு ஆலையின் உழைப்பு தனக்குரிய பெயரையும் பேரம்பேசும் வலுவையும் பெற்றது. அதே நிறுவனத்தின் குளிரூட்டியை இயக்கிய அடுக்களை உழைப்புக்கோ அத்தகைய சங்கமும் இல்லை, வேலை நேரமும் இல்லை.

6

1950, 60களில் நெம்புகோல் தட்டைப் பிளாஸ்ரிக் தட்டு வெளியேற்றியது. இதனை வெறும் மலிவு என்று கூறி விடுதல் பொருந்தாது. அலுமினியம் பொலித்தீனைவிடப் பலநூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தட்டு உறைதளத்தின்மீது நேரே அமர்ந்திருந்தவரை இவ்வேறுபாடு பெரிதாக இருந்தது. உறைபனி படியாத குளிரூட்டிகள் வந்தபின், விசிறியால் வீசப்படும் குளிர்காற்றே தட்டைக் குளிர்வித்தது. காற்றுக்கும் தட்டுக்கும் இடையிலான வெப்பமாற்றமே மந்தமானதாகையால், தட்டு எப்பொருளால் ஆனது என்பது முன்போல் முதன்மை பெறவில்லை. பல தகடுகளை வெட்டி, அழுத்தி, கோத்து ஆக்கிய பொருளின் இடத்தில், ஒரே வார்ப்பில் முடியும் பொருள் வந்தது.

இவ்வாறு ஆலையில் உழைப்பு நேரம் குறைந்தது. வீட்டிலோ நெம்புகோல் செய்த வேலை மீண்டும் மணிக்கட்டுக்கு வந்தது. தட்டை இருமுனையிலும் பற்றி முறுக்க வேண்டும். தாழ்வெப்பத்தில் நெகிழ்வு இழக்காத பொலித்தீன் இதனைத் தாங்கும். பூச்சியப் பாகையை அண்டியே விறைத்துவிடும் சாதாரண பொலிபுரொப்பிலீன் போன்றவை நாளடைவில் வெடிக்கும். முதுமையாலோ மூட்டுவாதத்தாலோ கை வலுவிழந்தோருக்கு இம்முறுக்கல் எளிதன்று. உற்பத்திச் செலவின் குறைப்பு, பாவனையாளரின் உடலுழைப்பின் அதிகரிப்பாக மாறிய விதத்தை இதிலும் தெளிவாகக் காட்டும் பொருள்கள் சிலவே.

1953இல் சேர்வெல் நிறுவனம் தானியங்கிப் பனிக்கட்டிப் பொறியை வீட்டுக் குளிரூட்டியிற் புகுத்தியது. தட்டு நிரப்பும் வேலையை அது ஒழித்தது உண்மையே. ஆனால் விலை கொடுக்கக்கூடியோருக்கு மட்டுமே ஒழித்தது. ஏனையோர் தட்டோடு விடப்பட்டனர்.

7

வீட்டுவேலை சமூக உற்பத்தியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப்பட்ட பணிவிடையாக ஒடுக்கப்பட்டதை எங்கெல்ஸ் 1884இலேயே எடுத்துக்காட்டினார். 1972இல் மரியறோசா டல்லா கொஸ்ராவும் செல்மா ஜேம்சும் கூலியற்ற வீட்டுழைப்பை அரசியல் வினாவாக முன்வைத்தனர். 1983இல் ரூத் சுவார்ட்ஸ் கோவன், வீட்டுச் சாதனங்கள் பெருகியபோதும் அமெரிக்கத் தாய்மாரின் வேலை குறையவில்லை என்பதை வரலாற்று ஆதாரங்களுடன் நிறுவினார். இவ்வளவு இருந்தும், முற்போக்கு விமரிசனம் உழைப்பைத் தேடி ஆலைக்கும் வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்லுமளவுக்கு அடுக்களைக்குச் செல்வதில்லை. நாவலில் வரும் தொழிலாளியின் வேலைநேரத்தைக் கணக்கிடும் நாம், அவனுக்குக் குவளையில் நீர் கொடுப்பவளின் வேலைநேரத்தைக் கணக்கிடத் தவறியுள்ளோம். இக்குறைபாட்டை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

பனிக்கட்டித் தட்டின் வரலாறு நமக்குத் தரும் பயன் இதுவே. ஒரு பொருளின் வடிவத்தை ஆராய்வோர், அது எப்படி இயங்குகிறது என்பதோடு அமைதல் ஆகாது. அவ்வடிவம் எந்தக் கையிலிருந்து வேலையை எடுத்து எந்தக் கையிற் கொடுக்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும். விருந்தினரின் குவளையில் மிதக்கும் கட்டியை நிரப்பி, உறையச் செய்து, பெயர்த்தவர் பெரும்பாலும் அக்கூடத்தில் அமர்ந்திருப்பதில்லை. அவரையும் உற்பத்தியாளராகக் கொண்டு எழுதப்படும் வரலாறே முழுமையானதாகும்.