பெரிய வண்டியும் அதன் நான்கு டயர்களும்

மொத்த வியாபாரம் ஓரளவு கைகொடுத்ததும், ஒரு பெரிய வண்டி வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வருவது இயல்பே. ஆனால் வண்டி வாங்க நாலு இடத்தில் விலை பேசும் நாம், டயர் மாற்றும் நாளில் மட்டும் கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

என் நண்பர் போடியில் ஏலக்காய் வியாபாரி. நான்கு சக்கரமும் இழுக்கும் டொயோட்டா ஃபார்ச்சூனர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். முந்தைய சொந்தக்காரர் அதில் முரட்டுப் பட்டன் வைத்த சேற்று டயர்களைப் போட்டிருந்தார். பார்வைக்கு மிடுக்குதான். பூப்பாறைப் பக்கம் சரக்குப் பார்த்துவிட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டுப் பாதையில் சாரலில் இறங்கினோம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் வழுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில்தான் நின்றது. இருவருக்கும் பேச்சு வரவில்லை.

காரணம் எளிது. சேற்று டயரில் பட்டன்களுக்கு இடையே இடைவெளி அதிகம். சேற்றை வாரி எறிய அது வேண்டும். நனைந்த தாரில் அதுவே பாதகம், ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. இரைச்சலும் டீசல் செலவும் தனி. ஹெச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயர், மாதம் ஒருமுறை எஸ்டேட் மண்பாதை ஏறுகிறவருக்கும் பெரும்பாலும் போதும். வாரந்தோறும் கல்லும் மண்ணுமாக ஓடுகிறவர் ஏ.டி. எனப்படும் நடுத்தர வகையைப் போடலாம். சேற்று டயர் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

டயரின் பக்கவாட்டில் 265/65 ஆர்17 112எஸ் என்பதுபோல் இருக்கும். அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். அடுத்துள்ள 112 தான் முக்கியம். ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். ஆட்களோடு இரண்டரை டன்னை நெருங்கும் வண்டிக்கு, அளவு சரியாக இருக்கிறது என்று எடை எண் குறைந்த டயரை மலிவாக மாட்டக்கூடாது.

டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! கிடங்கில் தங்கிய டயர் பளபளப்பாக இருந்தாலும் பழைய சரக்குதான்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்று ஓட்டுவது சிக்கனம் ஆகாது. சுற்றளவு மாறுபட்டால், நான்கும் சேர்ந்து இழுக்கும்போது பல்சக்கரப் பெட்டி அடிவாங்கும். இடம் மாற்றி மாற்றிப் போட்டு, நான்கையும் ஒன்றாகத் தேயவிட்டு, ஒன்றாக மாற்றுவதே கணக்குக்கு நல்லது. பள்ளத்தில் உள்ள 1.6 மில்லிமீட்டர் மேட்டுக்குச் சமமாகப் பட்டன் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காற்று அளவு கதவோர ஸ்டிக்கரில் இருக்கும், வண்டி ஓடிச் சூடேறும் முன் பிடிக்கவேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது ஆறுதல். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் இத்தகைய வண்டிக்குக் கட்டிய வரியை, கடை பெயரில் வாங்கினாலும், உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. சரக்கு ஏற்றும் குட்டி யானைக்குக் கழிக்கலாம். வாங்குமுன் ஆடிட்டரைக் கேட்பது நலம்.

நண்பரின் வண்டி கடைத்தெருவுக்குள் திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தே கடைக்கு வருகிறார். மலையிலிருந்து இறங்கிய மறுநாளே நான்கு ஹெச்.டி. டயர்கள் போட்டுவிட்டார். கழற்றிய சேற்று டயர்களை, ஜீப் வைத்திருக்கும் எஸ்டேட்காரர் ஒருவர் நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டார்.